டாக்டர் எண்ணிய காலி அட்டைகள்

தம்பி, உனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினேன். வண்டி எடுக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில்கூட நான் சொல்லியிருக்கலாம். நீ ஜன்னலில் குனிந்து, "யம்மா, திங்கக்கிழமை டூட்டில சேந்துடுவேன். அந்த வாரத்துலயே மனுவ அனுப்பிடுறேன். அப்பா பைல்ல ரெண்டு பேப்பர் ஜெராக்ஸ் எடுக்கணும், அவ்ளோதான்" என்றாய். நான், "மொதல்ல நேரத்துக்கு சாப்புடு" என்றேன். வாயில் அதுதான் வந்தது. வண்டி திரும்பி மறைந்த பிறகு பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "பையனா? எங்க போவுது?" என்று கேட்டாள். டாக்டராகச் சேரப் போகிறான், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்று சொன்னேன். "அப்ப உனக்கின்னாம்மா கவல" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும். அந்த மனுவை அனுப்பாதே. உங்கப்பா மாத்திரை போடவில்லை. கடைசி இரண்டரை வருஷத்தில் அந்தக் கொழுப்பு மாத்திரை ஒன்றுகூட அவர் வாய்க்குள் போகவில்லை. நிறுத்தச் சொன்னவள் நான். டாக்டர் ஐயாவிடம் போடுகிறார் என்று பொய் சொன்னவளும் நான்தான். மந்தாரக்குப்பத்தில் நம் குடும்பத்தை இருபது வருஷமாகப் பார்த்த மனுஷர், வைத்தியம் தெரியாமல் அப்பாவைச் சாகவிட்டார் என்று நீ மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறாய். லைசென்ஸ் கொடுக்கிற இடத்துக்கு அனுப்பப் போகிறாய். கம்ப்யூட்டரில் இருந்ததை எனக்குப் படித்தும் காட்டினாய். நான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே முழுவதையும் கேட்டேன்.

போனில் சொல்ல என்னால் ஆகாது. நீ "என்னாம்மா சொல்ற" என்று ஒரு சத்தம் போட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். காகிதத்தில் எழுதினால் எழுதினதுதான். ஐந்தாவது வரைக்கும் படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதையே இன்னொரு தடவை எழுதி டாக்டர் ஐயாவிடம் கொடுக்கப் போகிறேன். அவர் அங்கே வந்து உட்காருகிறவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். என் பெயர் மட்டும் வேண்டாம். இந்தப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி என்றால் போதும். என்னைப் போல எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள்.

நீ போன பிறகு இந்த குவார்ட்டர்ஸில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எதிர் வீட்டில் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட், அந்தம்மா பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருக்கிறாள். முந்தாநாள் முழுக்க நான் பேசினது பால்காரனிடம் "ஒரு பாக்கெட் போதும்பா" என்றது மட்டும். துணி துவைக்கும்போதுதான் அப்பா இல்லாதது அதிகமாகத் தெரிகிறது. அப்பாவின் யூனிபாரத்தை ஊற வைத்தால் வாளித் தண்ணீர் காப்பிக் கலரில் மாறும். நிலக்கரித் தூள் மூன்று தண்ணீருக்கும் போகாது. திட்டிக்கொண்டே துவைப்பேன். இப்போது என் புடவை இரண்டு, அவ்வளவுதான். முதல் தண்ணீரே வெள்ளையாக இருக்கிறது.

நீ பன்னிரண்டாவது படித்தபோதுதான் அப்பாவுக்குக் கொழுப்பு இருப்பது தெரிந்தது. அப்போது அவர் மைன்ஸில் கான்ட்ராக்ட், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை அள்ளிப் போடுகிற வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். வாயுப் பிடிப்பு என்று டாக்டர் ஐயாவிடம் போனவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருநூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் ஐயா அன்றைக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "கறி, முட்டை மஞ்சக்கரு, வறுத்தது எல்லாம் வுட்டுடுங்க. பீடிய வுடுங்க. மாத்திரை மூணு மாசம். இருநூறுக்குக் கீழ வந்துட்டா நிறுத்திடலாம்." மூன்று மாசத்தில் வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டீங்க, போங்க" என்று டாக்டரே முதுகில் தட்டி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்தேன். நீதான் எலும்பை எல்லாம் பொறுக்கித் தின்றாய். நம்பர் இறங்கிவிட்டால் வியாதி போய்விட்டது, மாத்திரை வேண்டாம் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறினது, பிறகு இறங்கவே இல்லை. அதை ஏற்றினவர் டாக்டர் ஐயாதான். அதையும் நான் மறைக்கவில்லை.

நீ மெடிக்கல் காலேஜில் சேர்ந்த இரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், அவர் ஒரு நாள் கிளினிக்கைச் சாத்திவிட்டுக் கடலூருக்கு டாக்டர்கள் கூட்டத்துக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு அவர் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும், பாண்டி ஆடுகிற கட்டம்போல. அப்பாவுக்குத் தலைசுற்றல் என்று அழைத்துப் போனேன். பிரஷர் இருந்தது. டாக்டர் ஐயா எழுந்து நின்று அந்த அட்டையில் விரலை வைத்து, அப்பாவின் வயசு, பீடி, பிரஷர் என்று ஒவ்வொன்றாக நகர்த்தினார். விரல் சிவப்புக் கட்டத்தில் போய் நின்றது. "உங்கப்பா எப்படிப் போனாரு?" என்று அப்பாவைக் கேட்டார். "களத்துல நெல்லு தூத்திக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருங்க. நாப்பத்தெட்டு வயசுலயே" என்றார் அப்பா. டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"கொழுப்பு மாத்திரை இனிமே நிறுத்தக் கூடாதுங்க. நம்பர் இறங்கினாலும் போடணும். கடைசிவரைக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். "அன்னிக்கு நீங்கதானேங்க, இருநூறுக்குக் கீழ வந்துட்டா வேணாம்னீங்க?"

"சொன்னேம்மா. அது தப்பு. அப்ப நம்பர மட்டும் பாத்தேன். இப்ப மனுஷன முழுசா பாக்கணும்னு சொல்லிக்குடுத்திருக்காங்க. வயசு, பீடி, பிரஷரு, குடும்பத்துல யாரு எப்படிப் போனாங்க, எல்லாத்தையும் சேத்து."

ஒரு டாக்டர் தன் வாயால் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். வெளியே பெஞ்சில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், "போன வருசம் வேணான்னாரு, இந்த வருசம் வேணுங்கிறாரு. மாத்திரை கம்பெனிக்காரன் பை குடுத்துட்டுப் போயிருப்பான்" என்றார். இன்னொருத்தர், "சாவற வரைக்கும் போடுன்றாரே, அப்ப மாத்திரையாலதான் சாவணும்போல" என்று சொல்ல, பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். ஊசி போடுகிற விமலா கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "உள்ள கேக்குது, மெதுவா" என்று அதட்டினாள். அந்த வருஷம் நிறையப் பேர் வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள் என்று அவள்தான் பிறகு சொன்னாள். டாக்டர் ஐயாவுக்கே அது சுலபமாக வரவில்லை தம்பி. பழைய வாய்ப்பழக்கத்தில் "நம்பர் நல்லா இருக்கு, நிறுத்..." என்று ஆரம்பிப்பார், தலையைத் தூக்கி அட்டையைப் பார்ப்பார், நிறுத்திக்கொள்வார். நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அந்த வயசில் ஒரு மனுஷர் தன் வாயைத் தானே பிடித்துத் திருப்பினார். உன் மனுவில் "பழைய முறையிலேயே வைத்தியம் பார்க்கும் மருத்துவர்" என்று ஒரு வரி வருகிறதே, அதைக் கேட்டபோது எனக்கு இதுதான் கண்ணில் வந்தது.

ஜனங்கள் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்து அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அடுத்த தடவை வரும்போது தீர்ந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுவர வேண்டும். விமலா வாங்கி எண்ணி டாக்டர் மேஜையில் வைப்பாள். குழி எல்லாம் காலியாக இருந்தால் "நல்லது" என்பார். ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அப்பா ஒன்றரை வருஷம் ஒழுங்காகப் போட்டார். முழங்காலுக்குக் கீழே குடைகிறது என்று சொல்வார். பெல்ட்டுக்கடியில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்கிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். அந்த மாத்திரையால்கூட அப்படிக் குடையலாம் என்றும், சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள் என்றும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

பிறகுதான் பெர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் வந்தது. பதினெட்டு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவர் அந்தத் தாளில் தன் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது உனக்குத் தெரியும், நீ லீவில் வந்திருந்தாய். மெடிக்கல் செக்கப் மட்டும் பாக்கி. நீ காலேஜுக்குத் திரும்பிப் போன மறுவாரம் அப்பா முகம் செத்து வந்தார். டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினசரி மாத்திரை போடுகிறவனை அன்பிட் என்று போட்டுத் தள்ளிவிடுவார்கள், அதுவும் கடைசிவரைக்கும் போடுகிற மாத்திரை என்றால் கேட்கவே வேண்டாம், மறைத்தாலும் ரத்தத்தில் தெரிந்துவிடும், மருந்து உடம்பை விட்டு முழுசாக இறங்க ஒரு மாசம் ஆகும் என்று. யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் ஐயாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். உனக்கு போன் போட்டிருக்கலாம். நீ டாக்டருக்குப் படிக்கிறாய், நாங்கள் டீக்கடைப் பேச்சை நம்பினோம். உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நீ "மாத்திரைய நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிடுவாய் என்ற பயம்தான். சொன்னால் மீற முடியாது.

"ஒரு மாசம்தானே, நிறுத்துங்க" என்றேன் நான்.

"டாக்டரு திட்டுவாரே."

"டாக்டரா வந்து உங்கள பெர்மனென்ட் ஆக்கப்போறாரு? கொழுப்பு ஓடியா போயிடும், அப்புறமா பாத்துக்கலாம்."

"நீ சொன்னா சரி" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

செக்கப்பில் பாஸ் ஆனார். இந்த குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாத்திரை நின்ற ஒரு மாசத்தில் கால் குடைச்சலும் நின்றிருந்தது. "லேசா இருக்குடி" என்று வாசலில் இருந்து ரோடு முனை வரைக்கும் எனக்கு நடந்து காட்டினார். மறுபடி ஆரம்பிக்கட்டுமா என்று அவர்தான் கேட்டார் தம்பி. அதை எழுதாமல் விட்டால் அவருக்கு நான் செய்கிற துரோகம். ஒரு வருஷம் புரொபேஷன், கன்பர்ம் பண்ணுமுன் இன்னொரு செக்கப் வைப்பார்களோ என்னவோ, அதுவரைக்கும் வேண்டாம் என்று நான் சொன்னேன். நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றும் சொன்னேன்.

ஆனால் டாக்டர் ஐயாவுக்கு அட்டை காட்ட வேண்டுமே. முதல் தடவை அட்டை இல்லாமல் போனபோது, "வூடு மாறினதுல எங்கயோ போட்டுட்டேங்க" என்றேன். இரண்டாம் தடவை என்ன சொல்வது? அதனால் மாத்திரையை வாங்கினேன். தினமும் காலையில் அவர் டூட்டிக்குப் போன பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சாக்கடைத் துளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிதுக்கினால் அட்டை புதுசாக இருக்கும், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நாளுக்கு ஒன்றாகப் பிதுக்கினேன். அட்டை கசங்க வேண்டும் என்று அரிசி டப்பாவுக்கு அடியில் செருகி வைப்பேன். எவ்வளவு புத்திசாலித்தனம் பார். சின்னப் பிள்ளையில் உனக்கு மருந்து கொடுக்க மறந்த நாள் உண்டு. இதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் நம்பர் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும். டாக்டர் ஐயா சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார், காலி அட்டைகளைப் பார்த்தார். "ஒழுங்கா போடுறாரா?" என்று என்னைக் கேட்டார். "போட்டுக்கினுதாங்க இருக்காரு. நான்தான் கையில குடுக்கறேன்" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போட்டும் இறங்கவில்லை என்றால் டோஸை ஏற்றச் சொல்லித்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரெட்டிப்பாக எழுதினார். அந்தப் பெரிய மாத்திரையையும் வாங்கி வந்து சாக்கடையில் போட்டேன். கன்பர்மேஷன் ஆர்டர் வந்த பிறகு ஆரம்பித்திருக்கலாம். அதற்குள் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் எதுவும் போடாதவருக்குத் திடீரென்று ரெட்டிப்பு மாத்திரை கொடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ? கேட்கலாம் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கம். நீயும் மாசம் ஒரு தடவை போனில் கேட்பாய். "அப்பா மாத்திரை போடுறாராம்மா?" "போட்டுக்கினுதான் இருக்காரு கண்ணு, நீ படி." அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் போன நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பர்ஸ்ட் ஷிப்ட். வேர்த்தது, வாயு என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறார், உட்கார்ந்தவர் எழவில்லை.

கருமாதி அன்று குப்புசாமி அண்ணன் வந்திருந்தார், அப்பாவோடு ஒரே லிஸ்டில் பெர்மனென்ட் ஆனவர். இலையில் சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். எனக்குத் தூரத்திலிருந்தே அந்த அட்டை தெரிந்தது. இரண்டு வருஷமாகப் பிதுக்கினவள், அதன் கலர் தெரியாதா? தண்ணீர் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது எப்ப இருந்துண்ணா போடுறீங்க?"

"அது ஆச்சு, ஏழெட்டு வருசம். கொழுப்புக்கு."

"செக்கப்புல ஒண்ணும் சொல்லலியா?"

"கேட்டாங்க. என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னாங்க, சொன்னேன், எழுதிக்கினாங்க. வுடாம போடுங்கன்னாங்க. ஏம்மா?"

"ஒண்ணுல்லண்ணா" என்று சொம்பை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல் மேல் உட்கார்ந்தேன். யாரோ "பாவம், அழட்டும்" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் அழவில்லை. உனக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

அந்த வாரம்தான் நீ பைலை எடுத்துப் பார்த்தாய். டோஸ் ஏற்றியும் நம்பர் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனாய். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோர் முன்னாலும், "சொவத்துல கலர் கலரா அட்ட ஒட்டிட்டா வைத்தியம் ஆயிடுமா? மேல ஒரு டெஸ்ட்டுக்கு அனுப்பத் தெரியாதா?" என்று கத்தினாயாம். விமலா வந்து சொன்னாள். நீ வீட்டுக்கு வந்து, "அந்த கைட்லைன்லாம் பேப்பர்லதாம்மா. அந்த மாத்திரை அப்பாவுக்கு ஒரு மயிரும் பண்ணல" என்றாய். என் எதிரில் நீ அப்படி ஒரு வார்த்தை பேசினதே இல்லை. நான் உனக்குச் சோறு போட்டேன். எட்டு மாசம் இப்படியே சோறு போட்டேன். உன் கோபம் முழுக்க அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது, எனக்குக் கிடைத்ததெல்லாம் உன் பாசம். எதற்கு வாயைத் திறப்பேன்?

நேற்றுத்தான் கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் டாக்டர் ஐயா பிரஷர் மிஷினை எடுத்தார். "அதுக்கு வரலீங்க" என்றேன். "அவரு மாத்திரையே போடலீங்க. நான்தான் அட்டைய பிதுக்கிப் பிதுக்கிக் கொண்டாந்து காட்டினேன்." மிச்சத்தையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கையில் அந்த மிஷின் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெட்டிப்பாக்கியும் ஏறினப்ப எனக்கு சந்தேகம் வந்துது" என்றார். "மாத்திரை கம்பெனிதான் சரியில்லன்னு கம்பெனிய மாத்தி எழுதினேன். உங்கள சந்தேகப்படலம்மா."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்காங்கன்னு அட்டைய எண்ணி அனுப்பிக்கினு இருந்தேன். கால் வலிக்குதா, ஏதாச்சும் பயமா இருக்கான்னு அவரத் தனியா உக்கார வெச்சு ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது." மிஷினை மேஜையில் வைத்தார். பிறகு, "பையனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க. மனு அனுப்பப் போறான்."

"அனுப்பட்டும். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லாதீங்க. எம்மேல கோவமா இருந்தா இருக்கட்டும், நான் வயசானவன். உங்க மேல கோவப்பட்டா உங்களுக்கு யாரு இருக்கா, அவனுக்குத்தான் யாரு இருக்கா?"

எழுந்து கும்பிட்டேன். வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பாவத்தைச் சொல்லியும் ஆயிற்று, பிள்ளையும் கையில் இருக்கிறான் என்ற சந்தோஷம். பஸ்ஸில் வரும்போதுதான் உன் நினைப்பு வேறு மாதிரி வந்தது. திங்கட்கிழமை உன் எதிரில் ஒருத்தர் வந்து உட்காருவார். அப்பா வயசு இருக்கும், பீடி நாற்றம் அடிக்கும். அந்த மாத்திரையை எழுத வேண்டிய இடத்தில் உன் கை நிற்கும். எங்கப்பாவுக்கு இது ஒன்றும் பண்ணவில்லையே என்று நினைப்பாய். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது என் பொய்யை வைத்து. என் பொய் உன் கையில் ஏறி, முகம் தெரியாத யார் யார் வீட்டுக்கோ போகும். டாக்டர் ஐயா தன் மேல் போட்டுக்கொள்கிறேன் என்றது அவர் பெரிய மனசு. ஆனால் இதை அவர் சுமந்து தீராது தம்பி.

அந்த ஆளோடு பெண்சாதியும் வந்திருப்பாள். "போட்டுக்கினுதாங்க இருக்காரு" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் உனக்குப் பொய் தெரியாது, என் முகத்தில் உனக்கே தெரியவில்லையே. அவளைத் திட்டாதே, அட்டையையும் கேட்காதே. எதற்காகப் பயப்படுகிறாள் என்று கேள். வேலை போய்விடும் என்றிருக்கும், கல்யாணம் நின்றுவிடும் என்றிருக்கும், மாமியார் காதில் விழும் என்றிருக்கும். இன்றைக்கு நீ சொல்லுவதை நாளைக்குப் படித்தவர்கள் மாற்றினால், நீயும் டாக்டர் ஐயா மாதிரி நான் முன்னால் சொன்னது தப்பு என்று சொல். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சிரிக்கட்டும் என்று மறுபடி சொல், அவர்களுக்கு உறைக்கிற வரைக்கும் சொல்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்து இரண்டு தடவை அடித்துவிட்டேன். மன்னிக்கிறதும் விடுகிறதும் உன் பாடு. உங்கப்பாவைக் கேட்டிருந்தால் "நீ சொன்னா சரி" என்றுதான் சொல்லியிருப்பார், அதனால் அவர் பெயரையும் நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. இதை இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், நீ ஜெராக்ஸ் எடுக்குமுன் வந்துவிட வேண்டும். போனை எடுத்துக் கத்த வேண்டும் என்று இருந்தால் கத்து. பேசவே பிடிக்கவில்லை என்றாலும் சரிதான், இந்த வீட்டில் எனக்குச் சத்தமில்லாமல் இருந்து பழக்கமாகிவிட்டது. ஒன்று மட்டும் செய். அந்த மனுவை முதலில் அழித்துவிடு. அதற்குப் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு.